பெஞரோல் பிறந்தது 1891இலா, 1913இலா? ஒரு கழகத்தின் வயதை எங்கிருந்து எண்ணுவது?

கொட்டாஞ்சேனைச் செயலாளர் கேட்டது:

வணக்கம். கொழும்பு வடக்கிலுள்ள ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் நான். எங்கள் செயற்குழுவில் மூன்று மாதங்களாக ஓயாத ஒரு வாக்குவாதத்துக்கு விடை தேடப் போய், உருகுவே நாட்டில் பெஞரோல் என்ற உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஓயாத இன்னொரு வாக்குவாதத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கதை. எழுபதுகளின் நடுப்பகுதியில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர் நலன்புரிச் சங்கத்துக்குள் ஓர் உதைபந்தாட்டப் பிரிவாகத்தான் எங்கள் கழகம் தொடங்கியது. நாளடைவில் ஊழியர்களின் பிள்ளைகள், அவர்களுடைய பள்ளித் தோழர்கள், அயல் தெரு இளைஞர்கள் என்று வெளியார் பலர் வந்து சேர்ந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், மைதானம் களஞ்சியம் கட்டத் தேவைப்படுகிறது என்று சொல்லி நிறுவனம் கையை விரித்துவிட்டது. அதுவரை வென்ற கிண்ணங்களையும் தர மறுத்துவிட்டது. அவை இன்றும் அந்த நிறுவனத்தின் சிற்றுண்டிச்சாலையில், கண்ணாடி உடைந்த ஓர் அலுமாரிக்குள் இருப்பதாகக் கேள்வி. ஆட்டக்காரர்கள் புதிய பெயரில் புதிய யாப்பு எழுதிப் பதிவு செய்துகொண்டு, அதே பச்சை வெள்ளைக் கோடு போட்ட ஜேர்சியுடன் அடுத்த போட்டிக்குப் போனார்கள்.

இப்போது செயற்குழுவில் பாதிப் பேர் பொன்விழாவுக்கு ஆயத்தம் செய்யவேண்டும் என்கிறார்கள். பொருளாளரோ, யாப்பில் எந்தத் திகதி இருக்கிறதோ அதுவே பிறந்த திகதி, பொய்க்கணக்குக் காட்டி விழா எடுக்க ஒரு சதமும் தரமாட்டேன் என்று நிற்கிறார். இந்த இழுபறிக்கு நடுவில்தான் இளைய உறுப்பினர் ஒருவர், “பெஞரோல் கழகத்துக்கும் இதே பிரச்சினைதானே, அவர்கள் 1891 என்றுதானே போடுகிறார்கள்” என்று ஒரு கல்லை எறிந்தார். அங்கே உண்மையில் நடந்தது என்ன? இரு தரப்பும் எதைச் சான்றாகக் காட்டுகின்றன? மலருக்கு ஒரு கட்டுரையாகவும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுங்கள்.

தெமட்டகொடைப் பேரன் எழுதியது:

ஐயா, உங்கள் இளைய உறுப்பினர் எறிந்த கல் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. என் தாத்தா தெமட்டகொடையில் புகையிரத இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் வேலை செய்தவர் என்பதால், புகையிரதத்தில் பிறந்த கழகங்கள்மீது எனக்குத் தனியான ஒரு பற்று உண்டு. அந்தப் பற்றைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லின் நடுவில் வரும் எழுத்துக்கு நம்முடைய ஞகரம் அச்சாகப் பொருந்துகிறது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள்தான் பெனரோல் என்று எழுதிவிடுகிறார்கள். இத்தாலியின் பியமொந்தே பகுதியில் பினெரோலோ என்று ஓர் ஊர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்து வந்து மொன்டெவிடியோவுக்கு வெளியே குடியேறிய குரோசா என்பவரின் சொந்த ஊர்ப் பெயர், உள்ளூர் நாவில் உருமாறி அந்த இடத்துக்கே பெயராகிவிட்டது. ஆகவே உருகுவேயின் பெரிய கழகம், பிரித்தானியக் கம்பனியின் நிழலில், இத்தாலிய ஊர் ஒன்றின் திரிந்த பெயரோடு வளர்ந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சச்சரவு எளிதில் விளங்கும்.

அந்தப் பெஞரோல் கிராமத்தில், பிரித்தானியருக்குச் சொந்தமான மத்திய உருகுவே புகையிரதக் கம்பனி தன் வேலைத்தளங்களையும் தொழிலாளர் குடியிருப்புகளையும் அமைத்தது. 1891 செப்டம்பர் 28ஆம் திகதி அங்குள்ள ஊழியர்கள் ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் மத்திய உருகுவே புகையிரதத் துடுப்பாட்டக் கழகம். ஆம், துடுப்பாட்டக் கழகம்தான்! தென் அமெரிக்காவின் மிகப் பெரிய உதைபந்தாட்டக் கழகங்களில் ஒன்று கிரிக்கெட் மட்டையோடு பிறந்தது என்பதைக் கொழும்பில் யாரிடம் சொன்னாலும் ஒருமுறை சிரிக்காமல் இருப்பதில்லை. தொடக்க உறுப்பினர் 118 பேர். அவர்களில் 72 பேர் ஆங்கிலேயர், 45 பேர் உருகுவே நாட்டவர், ஒருவர் ஜேர்மானியர். கழகத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரை உச்சரிக்கச் சிரமப்பட்ட உள்ளூர் மக்கள், அணி எந்த ஊரிலிருந்து வருகிறதோ அந்த ஊரின் பெயராலேயே அதை அழைக்கத் தொடங்கினார்கள். சட்டப்படி பெயர் மாறுவதற்கு வெகுகாலம் முன்பே, அரங்கில் இருந்தவர்களின் வாயில் அது பெஞரோல்தான்.

நிறத்துக்கும் புகையிரதமே மூலம். மஞ்சளும் கறுப்பும் கம்பனியின் அறிவிப்புப் பலகைகளிலும் சமிக்ஞைகளிலும் இருந்த நிறங்கள். 1829இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில் ஓட்டப் போட்டியில் வென்ற ஸ்டீவன்சனின் ‘ரொக்கெட்’ இயந்திரமும் இதே மஞ்சள் கறுப்புத்தான். அந்த இயந்திரமே மூலம் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் அந்த ஜேர்சியில் இருப்பது இயந்திரத்தின் நிறம். நிலக்கரி அள்ளிய கைகளை நினைவூட்டும் ‘கார்போனெரோ’, அதாவது கரிக்காரர், என்ற பட்டப்பெயரை ஆதரவாளர்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

1900இல் உருகுவேயின் முதல் சம்பியன் பட்டப் போட்டி நான்கு கழகங்களோடு தொடங்கியபோது, அதை வென்றது இந்தப் புகையிரதக் கழகமே. பின்னர் 1901, 1905, 1907, 1911 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. இந்த ஐந்து பட்டங்களும் யாருடைய கணக்கில் சேர வேண்டும் என்பதே சண்டையின் அடிநாதம் என்பதால் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1909இல் ஜோன் ஹார்லி என்ற ஸ்கொட்லாந்துப் புகையிரதப் பொறியியலாளர் புவனெஸ் அயரெஸிலிருந்து வந்து சேர்ந்தார். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடும் ஆங்கிலேயப் பாணியை விட்டு, தரையோடு குறுகிய கடத்தல்களாக ஆடும் முறையை அவர் கொண்டுவந்தார். ஹொசே பியெந்திபெனே போன்ற உள்ளூர் இளைஞர்கள் அந்த முறையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

இனித்தான் உங்கள் துறைமுகக் கதை. 1906இல் கம்பனியின் நிர்வாகத்துக்கு வந்த சார்ள்ஸ் பெய்ன் என்பவருக்கு இந்த உதைபந்தாட்டம் பெரும் தொல்லையாகப்பட்டது. ஆட்டம் காரணமாக வேலை கெடுகிறது, பணம் விரயமாகிறது என்று அவர் உதவியை நிறுத்தினார். எதிரணியினரை ஏற்றிவந்த பெட்டிக்கு ஆதரவாளர்கள் தீ வைத்த சம்பவமும் நடந்தது. புகையிரதக் கம்பனியின் பெயர் தாங்கிய அணிக்காகப் புகையிரதத்தையே கொளுத்தினால் எந்த முகாமையாளர்தான் பொறுப்பார்? கழகத்தின் பெயரை மாற்றி, கம்பனிக்கு வெளியே உள்ளவர்களுக்கும் முழு இடம் கொடுக்கவேண்டும் என்று 1913இல் முன்வைக்கப்பட்ட யோசனை நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 13ஆம் திகதி உதைபந்தாட்டப் பிரிவு பிரிந்து தனக்கென ஒரு நிர்வாகத்தைத் தேர்ந்துகொண்டது. 1914 மார்ச் 12ஆம் திகதி அதன் பெயர் பெஞரோல் என்று மாற்றப்பட்டது.

பெஞரோல் தரப்பின் வாதம் எளிமையானது. ஆட்டக்காரர் அவர்களே, நிறம் அதுவே, ஆதரவாளர் கூட்டம் அதுவே. எல்லாவற்றுக்கும் மேலாக, 1914இல் அந்த அணி புதுக்கழகம் போலக் கீழ்ப் பிரிவிலிருந்து தொடங்காமல், பழைய கழகத்தின் இடத்திலேயே முதற் பிரிவில் ஆடியது. அன்றைய உருகுவே உதைபந்தாட்டச் சங்கமே தொடர்ச்சியை ஏற்றுக்கொண்டபின் நூறாண்டு கழித்து எவர் வந்து மறுப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகத் தோன்றுகிறது. உங்கள் அணி அடுத்த போட்டிக்கு எந்தப் பிரிவில் போனது என்று பழைய பதிவுகளில் பாருங்கள். பொருளாளருக்கு விடை அங்கேயே கிடைக்கலாம்.

வெள்ளவத்தைக் கடலோரம் எழுதியது:

மேலே எழுதியவர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் வழக்கின் மறுபக்கத்தை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் தீர்ப்பு வழங்கிவிட்டார். பெஞரோலின் நீண்டகால எதிரணியான நசியோனால் கழகத்தின் பக்கம் நின்று நான் பேசுகிறேன். இருபது ஆண்டுகளாக அந்தப் பக்கம் நிற்பவன் என்பதையும் மறைக்கவில்லை.

நசியோனால் 1899 மே 14ஆம் திகதி தோன்றியது. நம் தமிழ் யூனியன் துடுப்பாட்ட, மெய்வல்லுநர் கழகமும் அதே 1899ஐத் தன் ஆண்டாகக் கொண்டது. இதை நான் வெறும் தற்செயலாகச் சொல்லவில்லை. ஐரோப்பியருக்கு ஒரு கழகம், பறங்கியருக்கு ஒன்று, சோனகருக்கு ஒன்று, சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று என்று கழகங்களைப் பிரித்து வைத்திருந்த கொழும்புக்காரருக்கு, அக்கால மொன்டெவிடியோவை விளக்க அதிகம் பாடுபடத் தேவையில்லை. ஆங்கிலேயரும் ஜேர்மானியரும் தத்தமக்குக் கழகம் வைத்திருந்த நகரத்தில், உள்ளூர் மாணவர்கள் கூடித் தங்களுக்கென ஒன்றை அமைத்து, அதற்குத் தேசியம் என்றே பெயர் வைத்து, விடுதலை வீரர் அர்த்திகாஸின் கொடியிலிருந்து சிவப்பு, நீலம், வெள்ளை நிறங்களை எடுத்துக்கொண்டார்கள். 1903இல் உருகுவேயின் சார்பில் புவனெஸ் அயரெஸ் சென்று ஆர்ஜென்டீனாவை 3க்கு 2 என வென்றது முழுக்க முழுக்க நசியோனால் ஆட்டக்காரர்களைக் கொண்ட அணி.

இப்போது சான்றுக்கு வருவோம். உதைபந்தாட்டப் பிரிவு பிரிந்துபோன பிறகும் புகையிரதத் துடுப்பாட்டக் கழகம் மூடப்படவில்லை. அது 1915 வரை தன்போக்கில் இருந்தது. கலைக்கப்பட்டபோது அதன் கிண்ணங்கள் பெஞரோலுக்குப் போகாமல் மொன்டெவிடியோவின் பிரித்தானிய மருத்துவமனைக்குப் போயின என்பதை நசியோனால் தரப்பு எந்த விவாதத்திலும் விட்டுவைப்பதில்லை. தாயும் பிள்ளையும் ஒரே வேளையில் உயிரோடு இருக்கும்போது, பிள்ளை எழுந்து நின்று தாயின் பிறந்த நாளைத் தன் பிறந்த நாளாகக் கொண்டாடலாமா? உங்கள் பொருளாளர் கேட்பதும் இதைத்தான். அவரைக் கஞ்சன் என்று ஏசிவிட்டுக் கடந்துவிடாதீர்கள்.

ஸ்பானிய மொழியில் இந்தச் சண்டைக்கு ‘தெக்கனாத்தோ’ என்று பெயர், அதாவது மூத்தவர் எவர் என்ற வழக்கு. வேடிக்கை என்னவென்றால், உருகுவேயின் ஆல்பியன் கழகம் 1891 ஜூன் 1ஆம் திகதியிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே பெஞரோல் கேட்பதை முழுதாகக் கொடுத்தாலும் நாட்டின் மூத்த கழகம் என்ற பட்டம் அதற்குக் கிடைக்காது. இரண்டு பணக்காரர் சண்டை போட்டுக்கொள்ளும்போது வாசலில் நிற்கும் மூத்த ஏழையை யாரும் பார்ப்பதில்லை.

என்னை உறுத்தும் கேள்வி இன்னொன்று. பெஞரோல் தன்னை உழைக்கும் மக்களின் கழகம் என்றும், கம்பனியை எதிர்த்து வெளியே வந்த கழகம் என்றும் சொல்லிக்கொள்கிறது. ஆனால் 1891ஐக் கேட்கும் வேளையில் மட்டும் அந்தக் கம்பனியின் மடியிலேயே மறுபடி போய் அமர்கிறது. வயது வேண்டுமென்றால் முதலாளியையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும், விடுதலைக் கதை வேண்டுமென்றால் இருபத்திரண்டு ஆண்டுகளையும் ஐந்து பட்டங்களையும் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போடுவது எப்படி?

மருதானைச் சந்தி எழுதியது:

பெரிய வாதத்துக்கு நடுவில் ஒரு சிறு செய்தி. பெஞரோல் ஆதரவாளர்களுக்கு ‘மன்யா’ என்றும் ஒரு பெயர் உண்டு. இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த கார்லோஸ் ஸ்கரோனே 1914இல் பெஞரோலை விட்டு நசியோனாலுக்குப் போனபோது, அங்கேயே இருந்து மலத்தையா தின்பது என்ற பொருளில் இத்தாலியச் சொல்லால் இகழ்ந்தாராம். தின்பதைக் குறிக்கும் அந்தச் சொல்லை எதிரணியினர் பிடித்துக்கொண்டு நையாண்டி செய்ய, பெஞரோல்காரர்கள் அதையே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார்கள். இன்று பிள்ளைகளுக்கான தொப்பியில்கூட அந்த வார்த்தை அச்சாகிறது. பிறந்த ஆண்டுக்குத்தான் பத்திரம் தேவைப்படுகிறது. எதிரி வைத்த பெயருக்கு எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லை.

தெமட்டகொடைப் பேரன் எழுதியது:

வெள்ளவத்தை நண்பர் கேட்ட கேள்வி கூர்மையானது. கிண்ணங்கள் மருத்துவமனைக்குப் போன செய்தியை நான் விட்டுவிட்டதும் தவறுதான். எனினும் பையில் இரண்டும் ஏன் சேர்ந்து இருக்கக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. என் தாத்தாவைப் போன்றவர்கள் வெள்ளைக்கார அதிகாரியின் கீழ் முப்பது ஆண்டுகள் வேலை செய்தார்கள். வேலைநிறுத்தமும் செய்தார்கள். ஓய்வுபெற்றபின் அந்த இயந்திரங்களைத் தங்கள் இயந்திரங்கள் என்றே சொன்னார்கள். கம்பனி அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை, ஆனால் அங்கே கழிந்த ஆண்டுகள் அவர்களுக்குச் சொந்தமானவை. தொடக்கத்திலேயே இருந்த அந்த 45 உருகுவேக்காரர்களின் ஆண்டுகளைப் பெய்ன் என்ற ஒரு முகாமையாளரின் பெயருக்கு எழுதிக்கொடுக்க நான் தயாரில்லை.

பிரிவுக்குப் பிறகு அந்த அணி யாருடையதாக மாறியது என்பதையும் பாருங்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றலான இசபெலினோ கிரதீன் 1915இல் பெஞரோலுக்கு ஆட வந்தார். 1916இல் நடந்த முதல் தென் அமெரிக்கச் சம்பியன் போட்டியில் அவர் ஆடிய உருகுவே அணி சிலியை 4க்கு 0 என வென்றபோது, ஆபிரிக்கர்களை இறக்கிவிட்டார்கள் என்று சிலி தரப்பு முறைப்பாடு செய்தது. அவர் அந்தப் போட்டித் தொடரில் அதிக கோல் அடித்தவராக முடித்தார். பிற்காலத்தில் அதே மஞ்சள் கறுப்புச் சட்டையை அணிந்த ஒப்துலியோ வரேலா, 1948இல் ஆட்டக்காரர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். கழகம் ஜேர்சியில் விளம்பரம் போட்டபோது மற்றப் பத்துப் பேரும் அதை அணிய, அவர் ஒருவர் மட்டும் விளம்பரமில்லாத பழைய ஜேர்சியோடு களமிறங்கினார். 1950 உலகக் கிண்ணத்தைத் தீர்மானித்த ஆட்டத்தில், ரியோ நகரின் மரக்கானா அரங்கில் பிரேசிலை 2க்கு 1 என வென்ற உருகுவே அணியின் தலைவர் அவரே. அன்று கோல் அடித்த ஸ்கியாஃபினோ, கிஜ்ஜா இருவருமே பெஞரோல் ஆட்டக்காரர்கள். புகையிரதப் பாதைகளை உருகுவே அரசு பிரித்தானியரிடமிருந்து வாங்கியது அதற்கு முந்திய ஆண்டில், 1949இல். கம்பனி போய்விட்டது, அதன் நிறம் மட்டும் மரக்கானாவுக்குப் போன ஆட்டக்காரர்களின் சொந்தக் கழகத்தில் மிஞ்சியிருந்தது.

கிண்ணங்களின் கதையைச் சுருக்கிவிடுகிறேன், அது எங்கும் கிடைக்கும். தென் அமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்ட்டடோரெஸ் கிண்ணத்தை 1960, 1961, 1966, 1982, 1987 என ஐந்து தடவை வென்றார்கள். எக்குவடோர் நாட்டவரான அல்பேர்ட்டோ ஸ்பென்சர் அந்தக் கிண்ணப் போட்டிகளில் அடித்த 54 கோல்களை இன்னும் எவரும் எட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. 1987 இறுதியின் மூன்றாம் ஆட்டம் சந்தியாகோவில் மேலதிக நேரத்தின் கடைசி நிமிடம் வரை கோல் இல்லாமல் போனது. சமநிலையில் முடிந்தால் கோல் வித்தியாசத்தில் கொலம்பியாவின் அமெரிக்கா தே காலி அணிக்கே கிண்ணம். 120ஆவது நிமிடத்தில் டியேகோ அகிரே இடது காலால் தாழ அடித்த பந்து வலைக்குள் போனது. மறுபக்கம் கொண்டாட்டத்துக்கு ஆயத்தமாகியிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

கொட்டாஞ்சேனைச் செயலாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இந்த உரையாடல் முழுவதையும் அச்செடுத்துச் செயற்குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். பொருளாளர் தாயும் பிள்ளையும் என்ற இடத்தைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தெமட்டகொடை நண்பர் சொன்னபடி பழைய பதிவுகளையும் தேடினோம். முதல் செயலாளரின் வீட்டில், கறையான் ஓரம் தின்ற ஒரு கூட்டக் குறிப்புப் புத்தகம் கிடைத்தது. நிறுவனத்தின் பெயரோடு தொடங்கும் அந்தப் புத்தகத்தில், பிரிந்த நாளுக்குப் பிறகும் பக்கங்கள் மாறவில்லை. அதே புத்தகம், அதே கையெழுத்து. தலைப்பில் இருந்த நிறுவனப் பெயரை மட்டும் நீல மையால் ஒரு கோடு இழுத்து வெட்டிவிட்டு, அதன் மேலேயே புதிய பெயரை எழுதியிருக்கிறார்கள். அடுத்த வரியில் அன்றைய செலவு: பந்து ஒன்று, எலுமிச்சம்பழம், பஸ் கட்டணம். நாங்கள் ஆடிய பிரிவும் மாறவில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

அந்தப் பக்கத்தைப் பொருளாளர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்விழா என்று போடச் சம்மதித்துவிட்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மலரின் முதற் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளும் அச்சாக வேண்டும், தொடங்கிவைத்த நிறுவனத்தின் பெயரும் மறைக்கப்படாமல் இருக்கவேண்டும் என்றார். வெள்ளவத்தை நண்பருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அந்த வெட்டுக் கோடு தெளிவாகத் தெரியும்படி அந்தப் பக்கத்தையே படமெடுத்துப் போட முடிவாகியிருக்கிறது.

சிற்றுண்டிச்சாலை அலுமாரியில் உள்ள கிண்ணங்களை விழா நாளில் மட்டும் இரவல் தருமாறு கேட்டு நிறுவனத்துக்கு இன்று காலை கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.